ஐந்து பட்டம் வென்றவருக்குக் குறைந்த சம்பளம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களின் சம்பளம் என்றாலே அமெரிக்கன் ஃபுட்பால் கோடிகளைத்தான் பேசுகிறோம். ஐஸ் ஹாக்கிக்குள்ளேயே இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள்.

சுவீடன், பின்லாந்திலிருந்தெல்லாம் வீராங்கனைகளைத் திரட்டி, மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 2001 முதல் 2010 வரை ஐந்து முறை தேசிய சாம்பியனாக்கியவர் ஷானன் மில்லர். ஆண்டுச் சம்பளம் சுமார் 2.07 லட்சம் டாலர். அப்போது ஒரே ஒரு பட்டம் வென்றிருந்த ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்கோ 2.35 லட்சம்!

நிதி நெருக்கடியைக் காட்டி, 2014 டிசம்பரில் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் கைகழுவப்பட்டவரும் மில்லர்தான். அது பாலினப் பாகுபாடே என்று 2018இல் ஜூரி தீர்ப்பளித்தது. இழப்பீடு 37 லட்சம் டாலருக்கு மேல். ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் விற்கிறது என்பார்கள். விற்கட்டும், அதற்காக ஐந்து பட்டம் ஒன்றைவிடச் சிறிதாகிவிடுமா?

– ஹாக்கி ரசிகர் ஒருவர், கோவில்பட்டி