எது வரைக்கும் வந்தே?

பாலக்கோடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நேற்று பஞ்சப்பள்ளிப் பக்கம் நல்ல மழை. மண்டியில் தக்காளி விலை இறங்கிவிட்டதால் பக்கத்து வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சே இல்லை. அம்மா உனக்குக் கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். இந்தக் கடிதமும் அந்தப் பார்சலுக்குள்தான் வருகிறது, மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "இனிமே யாருக்கும் கணக்கு சொல்லித்தர மாட்டேன்ப்பா" என்றாய். வேலை முடிந்து வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து, யார் யாரோ பிள்ளைகள் செல்லில் படம் எடுத்து அனுப்புகிற கணக்கையெல்லாம் போட்டுக் கொடுக்கிறாய். ஒருத்தன் நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த கணக்கை அனுப்பினான். இன்னொரு நாள் நீ போட்டதில் ஒரு தப்பு வர, "தெரியலேன்னா சும்மா இருக்கலாமே" என்று ஒருவர் எழுதிவிட்டார். இரண்டும் வலிக்கும்தான். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுத் திண்ணை இப்போது எப்படி இருக்கிறது என்று நீ பார்த்ததில்லை. நான் ரிட்டையர் ஆன வருடம், எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். முப்பது வருடத்துக்கு மேல் நிலம் அளந்தவன் நான். முக்கோணவியல் கணக்கைப் பார்த்ததும் கை பரபரத்தது. நோட்டை வாங்கி முழுக்கப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவனும் அப்படியே எழுதிக்கொண்டு போனான். மறுநாள் பள்ளியில் போர்டில் போடச் சொன்னார்களாம். முதல் வரிக்கு மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. எல்லோர் முன்னாலும் நின்றிருக்கிறான். அப்புறம் ஒரு மாதம் நம் வாசல் பக்கமே வரவில்லை. அவன் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அது என் தவறு, பாப்பா. அவனுக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் போட வேண்டிய கணக்கை நான் பறித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் நோட்டைக் கையில் வாங்குவதில்லை. முதலில் கேட்பது ஒன்றுதான்: "எது வரைக்கும் வந்தே?"

இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சொல்கிற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். கூட்டலை வர்க்கப்படுத்தினால் தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் போதும் என்று எழுதியிருந்தாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. "பத்தும் மூணும் பதிமூணு. உன் வழியில போட்டா எவ்வளவு?" என்றேன். 109 என்றாள். "பதிமூணு பதிமூணா?" 169. அறுபது எங்கே போனது? மண்ணில் ஒரு சதுரத்தைக் கீறி, பக்கத்தைப் பத்தாகவும் மூன்றாகவும் பிரித்துக் காட்டச் சொன்னேன். அவளே கோடு போட்டாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, ரெண்டு பட்டை விட்டுப்போச்சு!" என்றாள். பத்துக்கு மூன்று, முப்பது முப்பதாக இரண்டு பட்டை. அந்தத் தப்பை அவள் இனி செய்ய மாட்டாள். செய்தாலும் அவளே பிடித்துவிடுவாள்.

இன்னொரு பையன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். பத்தாம் வகுப்பு. செல்லில் வந்த பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கமான கர்ணத்தைக் கண்டுபிடிக்க, நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் போதும் என்கிறது அந்தப் பாட்டு. "வர்க்கமூலமே வேணாம் தாத்தா, நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றான். முகமெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை உடைக்க எனக்கு மனமில்லை. பொய்யை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை.

"போட்டுப் பாரு" என்றேன். உயரம் 3, நீளம் 4: மூன்றரையும் ஒன்றரையும் 5. சரி. உயரம் 5, நீளம் 12: பத்தரையும் இரண்டரையும் 13. சரி. பையன் துள்ளினான். "எட்டும் பதினஞ்சும்?" என்றேன். 17 வர வேண்டும். 17.125 வந்தது. கூட்டியதில் தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினான். அதேதான். "சரி, உயரமே இல்லேன்னு வெச்சுக்கோ. பத்தடி ஏணியைத் தரையில படுக்கப் போட்டுட்டோம். ஏணி எவ்வளவு நீளம்?" என்றேன். பாட்டுப்படி எட்டே முக்கால் அடிதான் வருகிறது. பத்தடி ஏணி எட்டே முக்கால் அடி! அவன் பேசவே இல்லை.

அவனை அங்கேயே விட்டிருந்தால் ஏமாற்றத்தோடு போயிருப்பான். அதனால், "ரெண்டு முக்கோணத்துக்கு மட்டும் ஏன் அச்சுக்குத் தப்பாம வருது?" என்று கேட்டு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்தான். பாட்டு சொல்கிற விடையையும் பிதாகரஸ் தேற்றம் சொல்கிற விடையையும் சமமென்று எழுதி, இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தி, ஓர் இருபடிச் சமன்பாட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பத்தாம் வகுப்புப் பாடம்தான். அதற்கு இரண்டே விடைகள்: நீளம் உயரத்தைப் போல 4/3 மடங்கு, இல்லையென்றால் 12/5 மடங்கு. நாங்கள் முதலில் போட்டுப் பார்த்த அதே இரண்டு முக்கோணங்கள்! அவற்றையும் அவற்றின் மடங்குகளையும் தவிர வேறு எதற்கும் அந்தப் பாட்டு சரியாக வராது. நீயும் போட்டுப் பார், கணக்கு அழகாகத் தீர்கிறது. பாட்டைக் கட்டியவரின் திறமையும் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வர்க்கமூலம் போடத் தெரியாத கொத்தனாருக்குப் பதினேழுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) பிசகில் விடை கிடைத்தால் அது நல்ல விதிதானே. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமை, செல்லில் வந்தது இல்லை. அவனே போட்டுக் கண்டது.

நானே சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. "இது தோராயம்தான், தம்பி" என்று முடித்திருக்கலாம். அவன் என்னை நம்பியிருப்பான், அவ்வளவுதான். பிள்ளைகள் கணக்கை நம்ப வேண்டும், பாப்பா, சொல்கிற ஆளை இல்லை.

வேலையில் இருந்தபோது இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் கொல்லை வாங்குகிறவர்கள் நான்கு பக்கத்தையும் அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி எடுத்து, இரண்டையும் பெருக்கிவிடுவார்கள். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு பெரியவர் அப்படித்தான் ஒரு நிலத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். நாலு பக்கமும் 200 அடி. அவர் கணக்கில் 40,000 சதுர அடி, கிட்டத்தட்ட 92 சென்ட். நான் குறுக்கே சங்கிலி பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் 240 அடி, மற்றது 320. நிலம் சதுரமாக இல்லை, சாய்சதுரமாகக் கிடக்கிறது. உண்மையில் 38,400 சதுர அடி, 88 சென்ட்தான். இல்லாத நிலம் மூன்றரை சென்டுக்கு மேல், அதற்கும் சேர்த்து விலை பேசியிருக்கிறார். அந்தச் சராசரிக் கணக்கு நீள்சதுரத்தைத் தவிர எதற்கும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகவே நஷ்டம் எப்போதும் வாங்குகிறவருக்குத்தான்.

அவர் முதலில் நம்பவில்லை. "நாலு பக்கமும் அதேதானே சாமி, எடம் எங்க போச்சு?" என்றார். விளக்குமாற்றிலிருந்து நாலு குச்சி உருவி, மூலையில் நூல் கட்டி அவர் கையில் கொடுத்தேன். சதுரமாகப் பிடித்தார். மெல்லச் சாய்த்தார். சாயச் சாய உள்ளே இருக்கிற இடம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டன. பக்கம் அதே பக்கம்தான், இடம் மட்டும் இல்லை. அவர் அந்தக் குச்சிகளைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். ஒரு கணக்கு தெரியாமல் போவதில் ஒரு குடும்பத்தின் பணம் போகும் என்று நான் கண்ணால் கண்டது அங்கேதான். அதனால்தான் திண்ணைக்கு வருகிற எந்தக் கேள்வியையும் சின்னக் கேள்வி என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

உன் தப்பைப் பற்றி. நானும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒகேனக்கலுக்குப் போகும்போது மணிக்கு 30 கிலோமீட்டர், திரும்பும்போது 60, சராசரி வேகம் என்ன என்று ஒரு பையன் கேட்டான். வாய் தவறி 45 என்றேன். அவனும் எழுதிக்கொண்டு போய்விட்டான். படுத்த பிறகுதான் உறைத்தது. தூரம் 60 என்று வைத்தால் போக இரண்டு மணி, வர ஒரு மணி. மூன்று மணியில் 120 கிலோமீட்டர். 40தான். காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன் அவன் வீட்டுக்கு நடந்து போய், "நேத்து நான் சொன்னது தப்பு, கண்ணு. எங்க தப்புன்னு நீயே பாரு" என்றேன். அவன் அம்மாவுக்கு ஆச்சரியம், மோர் கொடுத்து உட்கார வைத்தார். அந்தப் பையன் அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்கிறான். எனக்கு அதைவிட வேறு மரியாதை வேண்டாம். உன்னைக் கடிந்து எழுதினவரும், வார்த்தை கடுசாக இருந்தாலும், கணக்கில் சரியைத்தான் சொன்னார். "ஆமாம், இந்த வரியில் தவறிவிட்டேன்" என்று எழுதித் திருத்திப் போட்டுவிடு. அழித்துவிடாதே. படிக்கிற பிள்ளைக்கு அந்தத் திருத்தம்தான் பாடம்.

ராமானுஜனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகைக்கு ஒரு கேள்வி அனுப்பினார் இல்லையா, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாகப் போய்க்கொண்டே இருக்குமே, அதை அடிக்கடி நினைப்பேன். மூன்று என்பது ஒன்றோடு இரண்டு நான்கை, அதாவது எட்டைச் சேர்த்ததன் வர்க்கமூலம். அந்த நான்கு, ஒன்றோடு மூன்று ஐந்தைச் சேர்த்ததன் வர்க்கமூலம். ஐந்தும் அப்படியே. முடிவில்லாமல் போகிற அந்தக் கோவையின் விடை வெறும் 3. மாதக்கணக்கில் காத்திருந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரேதான் எழுதினார். அந்தக் கழகத்தை 1907இல் தொடங்கிய ராமஸ்வாமி ஐயர் டெபுடி கலெக்டர், எங்கள் வருவாய்த் துறைக்காரர். ராமானுஜன் அவரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்தப் பிள்ளையைத் தாலுகா ஆபீஸ் மூலையில் உட்காரவைக்கக் கூடாது என்று, சென்னையில் இருந்த கணக்குத் தெரிந்த நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். எத்தனையோ கோப்புக்கு நடுவில் ஒருவருடைய நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார் பார், அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நன்றி சொல்லாத பையனைப் பற்றிக் கடைசியாக. அவன் அடுத்த கணக்கை அனுப்பினால் போட்டுக் கொடுக்காதே. கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். "நீ எது வரைக்கும் வந்தாய், அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு" என்று மட்டும் எழுது. விடை மட்டும் வேண்டுமென்றால் வேறு இடம் பார்ப்பான். தாளை அனுப்பினால் அவனோடு உட்கார். ராத்திரி பத்துக்கு மேல் யாருக்கும் பதில் எழுதாதே. தூக்கம் கெட்டால்தான் கூட்டலும் தவறுகிறது, மனசும் சட்டென்று புண்படுகிறது. நான் ஆறரையிலிருந்து எட்டு வரைதான் திண்ணையில் உட்காருவேன். எட்டானதும் அம்மா களி கிண்டி வைத்துவிட்டுக் கூப்பிடுவாள்.

உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். அந்த நாலு குச்சிக் கதையை இங்கே ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய் அவளே கட்டிப் பார்த்திருக்கிறாள். மூணு குச்சி கட்டினால் ஆடவில்லை, நாலு கட்டினால் ஆடுகிறது, ஏன் என்று கேட்கிறாள். நாலு குச்சிக்குக் குறுக்கே ஒன்று வைத்துக் கட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டதாம். ஐந்துக்கு இரண்டு வேண்டியிருந்ததாம். இப்போது ஆறில் நிற்கிறாள். நிலத்தை ஏன் முக்கோணமாக வெட்டி அளக்கிறோம் என்பதற்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டாள். எனக்கு வாய் துறுதுறுவென்கிறது, ஆனாலும் சொல்லவில்லை. உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்குத் திண்ணைக்கு வருவாள். நீ அந்நேரத்துக்குப் போன் பண்ணு, அவளிடமே கொடுக்கிறேன். என்ன கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

மாவைக் காற்றுப் புகாமல் மூடி வை.

அன்புடன்,
அப்பா