துரத்திக்கொண்டு ஓட மாட்டேன், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, எங்கள் கடையில் ஒருவன் திருடிக்கொண்டு ஓடினான் என்று ஆரம்பித்தேன். அதற்குள் போன் கட்டாகிவிட்டது. அன்றிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை, வேலையை விட்டுவிடச் சொல்கிறாய் என்று தம்பி மெசேஜ் போட்டிருந்தான். அரைகுறையாகச் சொன்னது என் தப்பு. போனில் சொன்னால் மறுபடியும் பாதியில்தான் நிற்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு ஆள் தள்ளுவண்டி நிறைய சாமான் எடுத்தான். கல்லாப் பக்கமே வரவில்லை. வெளியிலிருந்து யாரோ உள்ளே வரும்போது கதவு திறந்தது இல்லையா, அந்த நேரம் பார்த்து, உள்ளே வருகிற வழியாகவே வண்டியோடு வெளியே போய்விட்டான். என்னோடு வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். வண்டியின் கம்பியைப் பிடித்து இழுத்தான். அந்த ஆள் வண்டியை இவன்மேல் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். பையனுக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. நான் ஓடவில்லை அம்மா. நின்ற இடத்தில் நின்று மேனேஜரைக் கூப்பிட்டேன்.

காயத்தைக் கழுவி மருந்து போட்ட பிறகு மேனேஜர் பையனைத் திட்டினார். சரக்குக்காக இல்லை. "அவன் பையில் கத்தி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? வண்டியில் இருந்த எதையும் நாளைக்கே வேறு வாங்கி அடுக்கிவிடலாம்" என்றார். சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொன்ன விதி அதுதான். துரத்தக் கூடாது, தொடக் கூடாது, வாசலை மறித்து நிற்கவும் கூடாது. வழியை அடைத்தால் பயந்தவன்கூட அடிக்க வருவான். இரண்டு கை தூரம் தள்ளி நின்று, குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். போகிறவன் போகட்டும்.

முதலில் கேட்டபோது எனக்கு இது கோழைத்தனமாகத்தான் பட்டது. கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போகிறான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. ஆள் போன உடனே, நினைவு கலைவதற்குள், எழுத வேண்டும்: எத்தனை மணி, என்ன உடை, என்ன செருப்பு, எந்தப் பக்கம் போனான், பைக்கிலோ காரிலோ போனால் அதன் எண் தெரிந்ததா. செருப்பு ஏன் என்று கேட்டேன். தெருவில் போகும்போது சட்டையைக் கழற்றிவிடலாம், தொப்பியைத் தூக்கி எறியலாம், செருப்பை மாற்ற யாருக்கும் நேரம் இருக்காது என்றார்கள். கேமரா பதிவையும் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சில வாரங்களில் பழைய பதிவுமேல் புதுப் பதிவு ஏறிவிடும். இதையெல்லாம் சேர்த்துத்தான் போலீசுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால், இனிமேல் இந்தக் கடைக்குள் நுழையக் கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள். இதற்கெல்லாம் கடை ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது என்றால், மளிகையில் லாபம் மிகவும் கொஞ்சம். நூற்றுக்கு 2 நின்றால் பெரிய காரியம் என்று வைத்துக்கொள். ஒரு பொருள் திருடு போனால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அதே பொருளில் ஏறக்குறைய 50 விற்க வேண்டும். ஆனால் இருப்புக் கணக்கில் குறைவது எல்லாமே வாடிக்கையாளர் திருடியது என்று நினைத்துவிடாதே. அழுகியது, உடைந்தது, லாரியில் குறைவாக வந்தது, தப்பாக எண்ணியது, உள்ளே வேலை செய்கிறவர்களே எடுத்தது எல்லாம் அதில்தான் வரும்.

பயிற்சியில் ஒரு பழைய சங்கதி சொன்னார்கள். முன்பெல்லாம் வாங்க வருகிறவர் கவுண்டருக்கு வெளியே நிற்க, கடை ஆட்கள்தான் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுப்பார்களாம். 1916-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். கூடையை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் நுழைய ஒரு சுழல் கதவு, அப்புறம் ஒரே வழியாகக் கடை முழுவதும் சுற்றி, கல்லாவைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். பொருள்மேல் கை வைக்க விட்டபோதே வழியையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எங்கள் கடையும் இன்றைக்கு அந்த மாதிரிதான். அன்று அந்த ஆள் உள்ளே வரும் கதவு வழியாகப் போனது ஏன் என்று இப்போது உனக்கும் புரியும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். மூலைகளில் குவிந்த கண்ணாடி. கல்லாவுக்குப் பக்கத்தில் குட்டையான அலமாரிகள், தலைக்கு மேல் மறைக்காது. ஷேவிங் பிளேடு, குழந்தைப் பால் பவுடர் மாதிரி சின்னதாகவும் விலை அதிகமாகவும் இருப்பதை இரண்டு மூன்றுதான் வெளியே வைப்போம், ஒரேயடியாக வாரிப் பைக்குள் தள்ள முடியாது. ராத்திரி அலமாரியில் எல்லாவற்றையும் முன்னால் இழுத்து வரிசையாக அடுக்குவது என் வேலை. அழகுக்கு என்றுதான் நினைத்தேன். வரிசை ஒழுங்காக இருந்தால்தான் நடுவில் விழுந்த ஓட்டை கண்ணில் படும் என்று அப்புறம் தெரிந்தது. சில பொருள்களைப் பூட்டியே வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாவியோடு வரும் ஆளுக்காகக் காத்து நின்று, சலித்துப்போய் வாங்காமலே திரும்பும் நல்ல மனிதர்களைத் தினமும் பார்க்கிறேன்.

இதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே செலவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், "என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். வாங்க வந்தவருக்கு அது உதவி. எடுக்க வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும். ஆனால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். பார்த்துப் பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்டால் அது அவமானப்படுத்துவது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று. இங்கே வந்த முதல் மாதம், வேலை கிடைக்கும் முன்னால், ஒரு பெரிய கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். லேபிளில் இருந்தது ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மோந்து பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு செக்யூரிட்டி வரிசையின் அந்தக் கோடியில் வந்து நின்றார். நான் அடுத்த வரிசைக்குப் போனேன், அவரும் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுக்கவே பயந்து, வியர்வையைப் புறங்கையால் துடைத்தேன். சோப்பை வாங்காமல் வந்துவிட்டேன். வெறுங்கையோடு அந்த வாசலைத் தாண்டுவது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

இப்போது அந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன். அதனால், ஒருவரைத் திருடியதாகச் சொல்லி நிறுத்துவதற்குப் பாதுகாப்புப் பிரிவில் சொல்லிக்கொடுத்த ஆறு படிகளை மனப்பாடமே செய்துவிட்டேன். அந்த ஆள் அலமாரிக்கு வெறுங்கையோடு வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒளித்ததைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு கணமும் கண்ணை எடுத்திருக்கக் கூடாது. காசு கொடுக்காமல் கல்லாவைத் தாண்டியிருக்க வேண்டும். ஆறாவதுதான் போய்ப் பேசுவது, அதுவும் அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் மட்டும். நடுவில் பத்து விநாடி பார்வை தப்பினாலும் விட்டுவிட வேண்டியதுதான். அந்தப் பத்து விநாடியில் அவர் பொருளைத் திரும்ப வைத்திருக்கலாம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் இந்த ஒழுங்கு எங்கேயும் நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆறு படியிலும் கையைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள், முகத்தை இல்லை, நிறத்தை இல்லை, போட்டிருக்கும் உடையை இல்லை.

அவரவரே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் பக்கத்திலும் அப்படித்தான். ஆறு மெஷினுக்கு நான் ஒருத்தி. ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டால், கீழே இருக்கும் தராசு கணக்குச் சரியில்லை என்று நிறுத்திவிடும். வேண்டுமென்றே செய்தாரா, மறந்தாரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. "இது ஸ்கேன் ஆகவில்லை போல, நான் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்துவிடுவேன். மறந்தவருக்கு நன்றி, மறக்காதவருக்கு எச்சரிக்கை. இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும்.

ஆனால் போன மாதம் நானே ஒருவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டேன் அம்மா. வாசலில் இரண்டு கம்பங்கள் இருக்கும். 8.2 மெகாஹெர்ட்ஸ் அலை அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சில பொருள்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குள் மெல்லிய உலோகக் கோடு சதுரச் சதுரமாகச் சுற்றியிருக்கும், அந்த அலை பட்டால் அது பதில் கொடுக்கும், அலாரம் அடிக்கும். காசு வாங்கும்போது கல்லா மேஜையில் பதித்த பலகைமேல் ஸ்டிக்கரை வைத்து எடுத்தால் அது செத்துவிடும். மாலை நேரம், வரிசை நீளம். எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர். ஒரு பெட்டியை நான் அவசரத்தில் பலகைக்கு மேலே தூக்கினாற்போல் கொண்டுபோய்விட்டேன்.

அவர் வாசலைத் தாண்டினதும் அலாரம். எல்லோரும் திரும்பினார்கள். செக்யூரிட்டி இன்னும் இரண்டடிகூட எடுத்து வைக்கவில்லை. அதற்குள் அவர் தானாகவே குனிந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பில்லை விரித்து, கை நடுங்க, இரண்டு விரலால் உயரத் தூக்கிப் பிடித்தார். எனக்கு அந்த சோப்பு வரிசை ஞாபகம் வந்துவிட்டது. கல்லாவை விட்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "என் தப்பு, ஸ்டிக்கரை நான்தான் சரியாக எடுக்கவில்லை" என்று சொன்னேன். தரையில் இருந்ததை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் பலகைமேல் அழுத்தி வைத்துத்தான் எடுக்கிறேன். வரிசை நீண்டால் நீளட்டும். எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, அலாரம் அடித்தால் முதலில் கல்லாவில் இருக்கிறவர்தான் வாயைத் திறக்க வேண்டும், "நாங்கள்தான் எதையோ விட்டுவிட்டோம்" என்று. மேனேஜரும் சரி என்றுவிட்டார்.

வேலையை விடப் போவதில்லை அம்மா. துரத்திக்கொண்டும் ஓட மாட்டேன், அப்பாவிடமும் சொல். முழங்கை சிராய்த்த பையன் தேறிவிட்டான், நேற்று என்னோடுதான் அலமாரி அடுக்கினான். அந்தப் பெரியவர் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மாலை வருகிறவர். நாலு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் நிதானமாக போன் செய்கிறேன்.

உன் அன்பு மகள்