கணக்குப் பாட்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டுவிட்டேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒற்றைப் பியானோவை வைத்துக்கொண்டு நீ எழுதிய இசை நாடகம் முழுவதையும் படித்துப் பாடி முடித்திருக்கிறீர்கள். நடுவில் தாள் புரளும் சத்தம், யாரோ இருமியது, எல்லாம் கேட்டது. "பொய் சொல்லாம சொல்லும்மா" என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

இரண்டாவது காட்சியில் பாபின் நூல், அதாவது மெஷினின் கீழ்நூல், தீர்ந்தது தெரியாமல் உன் தையல்காரக் கதாநாயகி தைத்துக்கொண்டே போகிறாளே, அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஊசி ஓடும், மேல்நூலும் ஓடும், தையல் மட்டும் பிடித்திருக்காது. கையில் எடுத்தால் இரண்டு துணியும் தனித்தனியாக வரும். இதை உனக்கு எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

ஆனால் அதற்கடுத்து வருகிற அந்தக் கனவுப் பாட்டு ஒட்டவில்லை. இசை நாடகம் என்றால் தொடக்கத்திலேயே கதாநாயகி தனக்கு என்ன வேண்டும் என்று பாடியாக வேண்டும் என்பாய். சரி, பாடட்டும். இவள் என்ன கேட்கிறாள்? சிறகு கேட்கிறாள், வானம் கேட்கிறாள். இருபத்திரண்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் நான். ஒருநாளும் வானம் கேட்டதில்லை. நான் கேட்டது ஜன்னலோர மெஷின். நடு வரிசையில் டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் சாயங்காலத்துக்குள் கண் எரிய ஆரம்பித்துவிடும். அந்த ஓர இடத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவள் பிரசவத்துக்குப் போனபோதுதான் கிடைத்தது. அவள் திரும்பி வராமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன மாதம் போனில் நீயே ஒன்று சொன்னாய். 1954-ல் நியூயார்க் பிராட்வே அரங்கில் வந்த 'த பைஜாமா கேம்' என்ற இசை நாடகம். பைஜாமா தைக்கிற ஆலை, அதில் மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்டுச் சண்டை. அந்த ஏழரை சென்ட் ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஆகும், பத்து வருஷத்தில் எவ்வளவு, இருபது வருஷத்தில் எவ்வளவு என்று தொழிலாளிகள் கணக்குப் போட்டே பாடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். தைக்க வரும் துணிக்கட்டோடு இருக்கிற பண்டல் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பண்டலுக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை பண்டல், உன் கல்லூரிக் கட்டணத்துக்கு எத்தனை நாள். எப்படிப் போட்டாலும் உதைக்கும். அழித்துவிட்டு ஓவர்டைமைச் சேர்த்துப் போடுவேன். அப்போதும் உதைத்தால் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துப் போடுவேன். ஒரே கணக்கு, ஒவ்வொரு தடவையும் பாடுகிறவளிடமிருந்து இன்னொன்று போகிறது. மூன்று சரணத்துக்கு இது போதாதா? உனக்குத் தெரியாததா, நான் சும்மா சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் இசையமைப்பாளர் மெஷின் சத்தத்தை ரயில் மாதிரி ஒரே சீராகப் போட்டிருக்கிறார். காலர் தைக்கும்போது அப்படி ஓடாது. ஓடும், நிற்கும். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ஓடுகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். நூலை வெட்டும்போதுதான் மூச்சு வெளியே வரும். பாடுகிறவளும் அங்கேதான் மூச்சு விட வேண்டும். பாட்டின் நடுவில் அவள் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது, தோள் குலுங்கியிருக்கும், அந்தக் காலர் கோணல்தான்.

1937-ல் நியூயார்க்கில் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் போட்ட 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்ற இசை நாடகம் பற்றியும் நீதான் சொன்னாய். மேடையில் நின்றவர்கள் எல்லாம் துணி வெட்டுகிறவர்களும் தைக்கிறவர்களும். வேலை முடிந்த பிறகு ஒத்திகை, ஆரம்பத்தில் வார இறுதியில் மட்டும் ஆட்டம். அப்படி ஆரம்பித்தது 1108 காட்சிகள் ஓடியிருக்கிறது. உன் நாடகத்தில் பாடுகிற பெண்களில் ஒருத்தியாவது மெஷினில் கால் வைத்திருக்கிறாளா? ஒர்க்‌ஷாப் நடக்கும்போது ஒரு மெஷினை வாடகைக்கு எடு. நான் வந்து இரண்டு நாள் இருக்கிறேன். ஆளுக்கு ஒரு காலர் தைக்கட்டும், பிறகு பாடட்டும். பிரித்துத் தைக்க வைப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள் ஆலையை விட்டு வெளியேறுவதாக முடித்திருக்கிறாய். கைதட்டு விழும். நான் வெளியேறவில்லை, அதனால் எனக்கு அதில் அபிப்பிராயம் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஜன்னலோர மெஷின்காரி ஐந்தாவது மாதம் திரும்பி வந்தாள். என் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். நான் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருந்தேன். நடு வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வேண்டுமானால் அந்தக் காட்சியை எடுத்துக்கொள். அதற்குப் பாட்டு போடாதே.

அன்புடன்,
அம்மா