பானெட்டுக்குள் தகடு வைத்தால் மைலேஜ் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கு இன்டேக் ஹீட் ஷீல்டு, அதாவது எஞ்சின் சூடு ஏர் ஃபில்டர் பக்கம் வராமல் தடுக்கிற தகடு, போடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அல்சூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். கட்டுரை வந்த நாளிலிருந்து "அண்ணா, இது எனக்கும் மாட்டிக் கொடுங்க" என்று பேப்பரை நீட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, அதனால்தான் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தகடு மாட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. மைலேஜ் கூடும் என்று எழுதியது மட்டும் சுத்தமாகத் தவறு.

கம்பெனியிலிருந்து வருகிற காரில் ஏர் ஃபில்டர் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் இருக்கும். அந்தப் பெட்டியின் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலேயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயோ போய் நின்று வெளிக்காற்றை இழுக்கும். எஞ்சின் சூடு அங்கே அவ்வளவாக எட்டாது. நம் பையன்கள் சத்தம் கெத்தாக வரும் என்று அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, மூடி இல்லாத கூம்பு வடிவ ஓப்பன் கோன் ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். அது பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றையே இழுக்கும். பிக்கப் குறைந்துவிட்டதே என்று தெரிந்த பிறகு, அதைச் சரிக்கட்ட ஹீட் ஷீல்டு தேடுகிறார்கள். இருந்த பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, காசு கொடுத்து அரைப்பெட்டி வாங்குகிறார்கள், வேறென்ன சொல்ல.

சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். வெளியே 30 டிகிரி, ஃபில்டர் பக்கத்தில் 60 டிகிரி என்றால், அதே அளவு இடத்தில் அடங்கும் காற்று ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துபோகும். போதாததற்கு நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு இது ரெண்டும் சேர்ந்தால் மேம்பாலம் ஏறும்போதே தெரியும். காற்று ரொம்பச் சூடாக வருகிறது என்று சென்சார் சொன்னால், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமலிருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கையும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும், பின்னுக்குத் தள்ளும், இழுவை இன்னும் குறையும். ஆக, கோன் ஃபில்டர் போட்டவருக்கு ஷீல்டு அவசியம்தான். கம்பெனிப் பெட்டி அப்படியே இருக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்புறம் மைலேஜ். ஊருக்குள் ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை யாரும் முழுசாக மிதிப்பதில்லை, காற்று போகிற வழியில் இருக்கிற த்ராட்டில் வால்வு முக்கால்வாசி மூடியே கிடக்கும். வருகிற காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. காற்று குளிர்ச்சியாக வந்தால் காலை இன்னும் கொஞ்சம் லேசாக வைத்தாலே அதே வேகம் கிடைக்கும், அவ்வளவுதான். அதில் பெட்ரோல் எங்கே மிச்சம்? பழைய கார்புரேட்டர் கார்கள் சிலவற்றில் குளிர்காலத்துக்கு என்றே எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து சூடான காற்றை இழுக்க வழி வைத்திருந்தார்கள், குளிர்ந்த காற்றுதான் எப்போதும் நல்லது என்றால் அதற்கு என்ன வேலை?

இன்னொன்று, சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற காருக்கு இந்தத் தகடு பெரிதாக எதுவும் செய்யாது. வண்டி ஓடினால்தான் முன்னாலிருந்து குளிர்ந்த காற்று வரும். நின்றுவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் சூட்டையெல்லாம் பின்னால் தள்ளி பானெட்டுக்குள் நிரப்பும், கொஞ்ச நேரத்தில் தகடே சூடாகிவிடும். நம்பாதவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் பழுது பார்க்கக் கருவியைச் செருகும் இடம்) ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். சிக்னலில் ஏறிக்கொண்டே போகும், ஓசூர் ரோடு மேம்பாலத்தில் காற்று வாங்கினால் இறங்கும். தகடு வாங்குவதற்கு முன்னாடியே இதைப் பார்த்துக்கொண்டால் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள். டர்போ கார்காரர்களுக்கு இன்னும் குறைந்த பலன்தான். நன்றாக மிதிக்கும்போது டர்போ அழுத்துகிற அழுத்தில் காற்று நூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு மாட்டத்தான் வேண்டும் என்றால், மாட்டுகிற விதம் முக்கியம். கட்டுரையில் 'நான்கு போல்ட் போட்டால் வேலை முடிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். போன மாதம் ஒரு கார் வந்தது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிகிறது என்று. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று புதுத் தகடு. வேறெங்கோ மாட்டிய கடையில் வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்க்கக்கூட இல்லை, மேலே ரப்பர் பீடிங்கும் (ஓரத்தை மூடும் ரப்பர் பட்டை) இல்லை. அந்த ஓரம் வயரிங் கட்டின் மேல் உட்கார்ந்து, எஞ்சின் ஆட ஆட டேப்பை அறுத்து, ஒரு வயரின் பச்சைத் தோலையும் அறுத்து, உள்ளே செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அது பாடியோடு ஒட்டி ஃபியூஸ் போயிருக்கும், ஃபியூஸ் போகாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம்.

எனவே முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், பக்கத்திலேயே பாசிட்டிவ் டெர்மினல் இருக்கும்போது கையில் அலுமினியத் தகட்டை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. தகட்டைப் பாடியோடு மட்டும் இறுக்குங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டிங்கில் ஆடும், பாடி ஆடாது, ரெண்டுக்கும் சேர்த்துப் பிடித்தால் தகடு விரிசல் விடும். போல்ட்டுக்கு ரப்பர் வாஷரும் தானாகக் கழலாத நைலாக் நட்டும் போடுங்கள். மேல் ஓரத்து பீடிங் பானெட்டின் அடியில் லேசாகப் பதிய வேண்டும், இடைவெளி விட்டால் சூடு அந்த வழியாகவே வந்துவிடும், அதிகமாக முட்டினால் பானெட் நெளியும். பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஓரத்தில் அங்கங்கே உருட்டி வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பார்த்தால் எங்கே எவ்வளவு நசுங்கியது என்று தெரிந்துவிடும். வெளிக்காற்று வருகிற வழியைத் தகட்டால் அடைத்துவிடாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் பக்கம் தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் வேண்டாம், பளபளப்பாக இருந்தால்தான் சூட்டைத் திருப்பி அனுப்பும். உள்பக்கம் பஞ்சு மெத்தை ஒட்டச் சொல்வார்கள், நம் ஊர் எலிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரை பம்பருக்குள் தாழ்த்தி வைக்கிற இன்னொரு பழக்கமும் இருக்கிறது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் ட்ராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அது காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால் ஒழிய இன்சூரன்ஸில் அதற்குப் பெரும்பாலும் பணம் வராது.

சட்டத்தையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. ஒரு தகட்டுக்காக எந்தப் போலீஸும் பானெட்டைத் திறக்கச் சொல்லப் போவதில்லை, ஆனால் வாரன்டி காலத்தில் எஞ்சினுக்கு ஏதாவது ஆனால் சர்வீஸ் சென்டர்காரர் முதலில் கை காட்டுவது அந்தக் கோன் ஃபில்டரைத்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேல் கம்பெனியே மெல்லிய தகடு ஒன்று போட்டுத்தான் அனுப்புகிறது. போல்ட் துருப்பிடித்து அது கடகடவென்று ஆட ஆரம்பித்ததும், சத்தம் தொல்லை என்று கழற்றிப் போட்டுவிடுகிற மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து வயர், ரப்பர் ஹோஸ் எல்லாம் வெந்துபோகாமல் காப்பது அந்தத் தகடுதான். அகலமான வாஷர் ஒன்று, தேவைப்பட்டால் ஒரு ஸ்டீல் கிளாம்ப், ஆட்டம் நின்றுவிடும். புதுத் தகடு வாங்குவதைப் பற்றி முழுப் பக்கம் போட்டீர்கள், ஏற்கெனவே இருக்கிற இந்தத் தகட்டைப் பற்றியும் அடுத்த இணைப்பில் கால் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு