டெட்ராய்ட் சிட்டி பாட்டு பத்தி முருகேசனுக்கு

டேய் முருகேசா,

உன் மெயில் வந்து நாளாச்சு. பெங்களூர் வீட்டைக் காலி பண்ணிட்டு கோவில்பட்டிக்கே வந்து உக்காந்துட்டேன்னு எழுதிருக்க, அம்மாவுக்கு நம்பிக்கையே வரல, லீவுல வந்திருக்கான்னுதான் தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தாங்கன்னு எழுதிருக்க, அதப் படிச்சதும் எனக்கு தொண்டைய அடைச்சிருச்சுடா. நல்ல காரியம் பண்ணிருக்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ காலேஜ்ல ரெண்டாவது வருஷம், சின்னவன் என்னை விட உயரம் ஆயிட்டான், வேலைல இப்போ எல்லாம் எலக்ட்ரிக் கார் பேட்டரி பேச்சுதான், வெளிய இன்னும் பனி உருகல.

மெயில் கடைசில ஒண்ணு கேட்டிருந்த பாரு, அமெரிக்காக்காரனுக்கு ஊர் ஏக்கம்னு ஒண்ணு உண்டாடா, அவனவன் பதினெட்டு வயசானா பெட்டியத் தூக்கிட்டு போயிட்டே இருக்கான்னு. உண்டுடா, நல்லாவே உண்டு. கன்ட்ரின்னு அவங்க கிராமத்துப் பக்கத்துப் பாட்டு வகை ஒண்ணு இருக்கு, அதுல பாதி அதுதான். ஆனா ஒரு பாட்டு மட்டும் நான் மிச்சிகன் மாநிலத்துல இந்த டெட்ராய்ட் பக்கம் வந்ததுல இருந்து மனசை விட்டுப் போகல, அதோட பேரே டெட்ராய்ட் சிட்டி. பாபி பேர்னு ஒருத்தர் 1963-ல பாடினது. எழுதினது டேனி டில், மெல் டில்லிஸ்னு ரெண்டு பேர். மெல் டில்லிஸ் பேசினா திக்கும், பாட ஆரம்பிச்சா ஒரு எழுத்து கூட திக்காது, அப்படி ஒரு மனுஷனா இருந்தாரு. இதே பாட்டை முதல்ல பில்லி கிராமர் வேற தலைப்புல பாடினாரு, ஆனா ஜனங்க மனசுல ஒட்டினது பாபி பேர் குரல்தான், கிராமி விருதும் அதுக்குத்தான் கிடைச்சுது.

கதை இவ்வளவுதான். அமெரிக்காவோட தெக்கத்தி பருத்திக்காட்டுல இருந்து ஒரு பையன் கூட்ஸ் வண்டில ஏறி டெட்ராய்ட் வர்றான். பகல்ல கார் கம்பெனில வேலை, ராத்திரி பாருக்கு பாரு அலையுறான். தூங்கினா பருத்திக்காடு கனவுல வருது, அம்மா அப்பா கூடப்பொறந்ததுங்க வருது, அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற பொண்ணு வருது. ஊர்ல எல்லாரும் இவன் பட்டணத்துல பெரிய ஆளா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, ஏன்னா இவன் எழுதுற லெட்டர் அப்படி. நடுவுல பாபி பேர் பாட்டை நிறுத்திட்டு ரெண்டு வரி சும்மா பேசுவாரு பாரு, பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கிற ஆள்கிட்ட சொல்ற குரல்ல, அழுகையெல்லாம் கிடையாது, அங்கதான் எனக்கு உள்ள என்னமோ பண்ணும். கடைசில வீம்பை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு தெக்க போற கூட்ஸ்ல ஏறிடலாம்னு நெனைக்கிறான். நெனைக்கத்தான் செய்றான், பாட்டு முடியுற வரைக்கும் அவன் ஏறினதா வரவே இல்ல, ஊருக்குப் போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே இருக்கான், பாட்டு முடிஞ்சுபோகுது.

இதுல ஒண்ணு கவனிச்சியா, அவன் தினம் கார் செய்றவன். ஆனா ஊர்ல இருந்து வந்ததும் கூட்ஸ் வண்டில, திரும்பிப் போக நெனைக்கிறதும் கூட்ஸ் வண்டில. அவன் கைபட்டு வெளிய போன காருல ஒண்ணு கூட அவனோடது இல்ல. கார் கம்பெனில சம்பளம் வாங்குறவன் நான், அந்த எடம் வரும்போதெல்லாம் எனக்கு சுருக்குனு இருக்கும்.

எங்க ஆபீஸ்ல முன்னாடி ஒரு பெரியவர் இருந்தாரு, டை, அதாவது தகட்டை அழுத்தி கார் பாகமாக்குற அச்சு செய்ற பிரிவு, இப்போ ரிட்டயர் ஆயிட்டாரு. கென்டக்கி மலைப்பக்கத்துக்காரர். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவரு, 1950-கள்ல வெட்டுறதுக்கு மெஷின் வந்ததும் ஆளுங்க வேண்டாம்னு ஆகிப்போச்சு, குடும்பத்தோட மிச்சிகன் வந்துட்டாங்க. அப்படி வந்தவங்க கொஞ்சநஞ்சம் இல்லடா, 1940-ல இருந்து 1970-க்குள்ள அந்த அப்பலாச்சிய மலைய விட்டு வெளியேறினவங்க மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல. ரெண்டாவது உலக யுத்த காலத்துல ஃபோர்டு கம்பெனி டெட்ராய்ட் பக்கத்துல வில்லோ ரன்ங்கிற எடத்துல குண்டுவீச்சு விமானம் செஞ்சப்போ கென்டக்கி ஆளுங்க அவ்வளவு பேர் வந்து இறங்கினாங்க, பக்கத்துல இருக்கிற இப்ஸிலான்டி ஊரையே இப்ஸிடக்கின்னு கூப்பிட்டாங்க, இன்னைக்கும் சில பேரு அப்படித்தான் சொல்றாங்க. அது கேலியா வெச்ச பேரு, அதக் கேட்டா அந்தப் பெரியவருக்கு முகம் மாறிடும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சா ரூட் 23-ங்கிற ஹைவேல வரிசையா கார் தெக்க போகுமாம். ராத்திரி பூரா ஓட்டி விடியக்காலைல மலைக்குப் போய்ச் சேந்து, சனிக்கிழமை அம்மா கையால சாப்பிட்டுட்டு, ஞாயித்துக்கிழமை மறுபடி ராத்திரி பூரா ஓட்டி திங்கக்கிழமை காலைல கார் கம்பெனில லைன் வேலைல நிப்பாங்களாம். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தப்போ சமையல்கட்டு ஜன்னல்ல பச்சை பீன்ஸை ஊசி நூல்ல மாலையாக் கோத்து காயப் போட்டிருந்தாரு, சுருங்கி பழுப்பாகி நம்ம வீட்டு வத்தல் மாதிரியே இருந்துச்சு. அவங்க அம்மா ஊர்ல திண்ணைல உக்காந்து அப்படித்தான் கோப்பாங்களாம், பன்னிக்கறியோட மணிக்கணக்கா வேகவெச்சு சாப்பிடுவாங்களாம். அம்மா போய் எவ்வளவோ வருஷமாச்சு, மனுஷன் இன்னும் கோத்துக்கிட்டு இருக்காரு.

அன்னைக்கு ஒரு போட்டோவும் காட்டினாரு. அவர் அப்பா டெட்ராய்ட் வந்த புதுசுல எடுத்தது, பளபளன்னு ஒரு காரு மேல கைய வெச்சு நிக்கிறாரு, தலைல தொப்பி, ஒரு சிரிப்பு. அந்தக் காரு வேற யாரோடதோ. ஊர்ல பாட்டி அந்தப் போட்டோவை சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போய் எல்லார்கிட்டயும் காமிச்சாங்களாம். அதுக்கப்புறம் அப்பா ஊருக்குப் போறப்போ எல்லாம் கேப்பாங்களாம், உன் காரு எங்கப்பான்னு.

எனக்கு இந்தப் பாட்டுல பெருசாத் தெரியுறது அதுதான் முருகேசா. தூரத்தால ஒருத்தன் ஊருக்குப் போகாம நிக்கிறதில்ல, தூரம்னா ஒரு ராத்திரி ஓட்டம், அதான் அவங்க வாராவாரம் போயிட்டு வந்தாங்களே. அவன் எழுதின லெட்டர்தான் அவனை மறிச்சுக்கிட்டு நிக்குது. நல்லா இருக்கேன், கை நெறையச் சம்பளம், கவலைப்படாதீங்கன்னு எழுதி எழுதி ஊர்ல அவனுக்குன்னு வேற ஒரு ஆள் உருவாயிட்டான், இப்போ வெறுங்கையோட போய் இறங்கினா அந்த ஆளு செத்தான். அதுக்கு டெட்ராய்ட்லயே கிடக்கலாம்னு தோணிடுது. நீ பாம்பேல இருந்தப்போ மாட்டுங்கா ரூம்ல பாய் போடக்கூட எடம் இல்லாம ஷிப்ட் போட்டு தூங்கினோமே, அப்போ நீ உங்கம்மாவுக்கு இன்லேண்ட் லெட்டர்ல நல்ல வேலை நல்ல சாப்பாடுன்னு எழுதினத தபால் பெட்டில போட்டது நான்தான். பொய்யின்னு யாரு சொல்லுவா அத, அம்மா நிம்மதியாத் தூங்கணும்னு எழுதினது. இந்தப் பாட்டுல வர்ற பையனும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பான்.

இன்னொரு விஷயம், அவன் கனவுல வர்ற பருத்திக்காடு. மலைப்பக்கத்துல பருத்தி கிடையாது, அதனால இந்தப் பையன் எங்க பெரியவர் ஊர்க்காரன் இல்ல, இன்னும் தெக்க, டென்னஸி மேற்குப்பக்கமோ மிசிசிபியோ அலபாமாவோ. அங்க என்ன நடந்துச்சு தெரியுமா, 1944-ல மிசிசிபில ஹாப்சன்னு ஒரு பண்ணைல வெதைக்கிறதுல இருந்து பருத்தி எடுக்கிற வரைக்கும் மொத்தமும் மெஷினாலயே செஞ்சு காட்டிட்டாங்க. அதுக்கப்புறம் பருத்தி எடுக்க இருந்த கைகளுக்கு கொஞ்சம் கொஞ்சமா வேலை போச்சு. அப்போ இவன் ஊருக்குத் திரும்பிப் போனாலும் கனவுல பாத்த காட்டுல இவனுக்கு வேலை இருந்திருக்காது. வீடு இருந்திருக்கும், அம்மா இருந்திருப்பாங்க, அந்தப் பொண்ணும் ஒருவேளை இருந்திருக்கும். நீயும் எழுதிருக்கியே, நம்ம கரிசல்ல பருத்தி போட ஆள் இல்ல, திரும்பின பக்கமெல்லாம் மக்காச்சோளம்னு. அதப் படிச்சிட்டு இந்தப் பாட்டை மறுபடி கேட்டேன், அந்தப் பையன் மேல இன்னும் பாவமாப் போச்சு.

அந்தப் பருத்திக்காட்ட விட்டு டெட்ராய்ட் வந்தவங்கள்ல கறுப்பின மக்கள் ஏகப்பட்ட பேரு, அவங்களுக்கு ஊர்னா அம்மா மட்டும் இல்ல, அடியும் அவமானமும் சேந்ததுதான் ஊர். அதனால இந்தப் பாட்டை சார்லி பிரைட் பாடினதக் கேக்கணும் நீ. மிசிசிபில ஸ்லெட்ஜ்னு ஒரு சின்ன ஊர், குத்தகை விவசாயி குடும்பம், கூடப்பொறந்தவங்களோட சேத்து வீட்டுல பதினோரு பிள்ளைங்க, சின்ன வயசுல பருத்தி எடுத்த கை. அப்புறம் பேஸ்பால் ஆடினாரு, மொன்டானால உலோகம் உருக்குற ஆலைல வேலை பாத்தாரு, அதுக்கப்புறம்தான் பாட்டு. முதல் ரெக்கார்டு வந்தப்போ அவர் போட்டோவ ரேடியோ ஸ்டேஷன்களுக்கு அனுப்பவே இல்ல, கறுப்பினத்துக்காரர்னு தெரிஞ்சா போட மாட்டாங்கன்னு கம்பெனிக்கு பயம். 1966-ல வந்த அவரோட முதல் ஆல்பத்துல இந்த டெட்ராய்ட் சிட்டி இருக்கு. அவரோட முதல் பெரிய கச்சேரியும் டெட்ராய்ட்லதான், ஒலிம்பியா ஸ்டேடியத்துல. பேரைச் சொன்னதும் கைதட்டல் ஆரம்பிச்சு, ஆளைப் பாத்ததும் அப்படியே அடங்கிப் போச்சாம். அவரு மேடைல நின்னு தன் நிறத்தைப் பத்தி அவரே சாதாரணமா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் பாட ஆரம்பிச்சாரு, முடியும்போது அத்தனை பேரும் அவர் பக்கம். அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் தெக்க இருந்து வந்து லைன்ல வேலை பாக்கிறவங்களா இருந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாக்கிறேன். மத்தவங்க அந்தப் பருத்திக்காட்டு வரிய நல்லாப் பாடியிருக்காங்க, இவரு அந்தக் காட்டுல குனிஞ்சு நிமிந்தவரு. அதனாலயோ என்னமோ, அவர் குரல்ல ஏக்கம் இருந்தாலும் அந்தக் காட்டைப் பெருசா அழகுபடுத்துற மாதிரி எனக்குத் தோணல.

டெட்ராய்டே இப்போ ஆள் போன ஊர்டா. 1950-ல 18 லட்சத்துக்கு மேல ஜனம், 2010 கணக்குல 7 லட்சத்து சொச்சம். சில தெருவுல வீடு இருந்த எடம் எல்லாம் புல் மொளச்சுக் கிடக்கும், ஒரு வீடு மட்டும் தனியா விளக்குப் போட்டு நிக்கும். இப்போ கொஞ்சம் தேறி வருது. ஆனா எனக்கு இந்த ஊர் மேல ஒரு மரியாதை உண்டு, இத்தனை பேரு ஊரை விட்டு வந்து கட்டின ஊராச்சே. அவங்க பேரப்பிள்ளைங்க இப்போ இந்த ஊரை விட்டுப் போய் எங்கயோ உக்காந்து டெட்ராய்டை நெனச்சு ஏங்குதுங்க, இங்கயே பாத்திருக்கேன்.

நீ இப்போ ஊர்ல இருக்க, எனக்கு உண்மையா எழுதுடா. முதல் ஒரு மாசம் எல்லாரும் வந்து பாப்பாங்க, அதுக்கப்புறம் சாயங்காலம் எப்படிப் போகுது, பழைய ஆளுங்க யாரு இருக்கா, பேச்சுத்துணை இருக்கா, வீட்டுக்காரிக்கு அந்தத் தண்ணியும் வெயிலும் ஒத்துக்குதான்னு எழுது. நல்லா இருக்கேன்னு ஒத்த வரில முடிச்சா ஒத்துக்க மாட்டேன். எனக்கும் தெரிஞ்சாகணும், இந்த ரெண்டு மூணு வருஷமா வீட்டுல ஊருக்குத் திரும்புற பேச்சு எடுத்தா நானும் சுதாவும் ராத்திரி வெகுநேரம் தூங்காமக் கெடக்கோம், பிள்ளைங்க இங்க, மனசு அங்க.

பொங்கலுக்கு வர்றது கிட்டத்தட்ட முடிவாயிருச்சு, லீவு கேட்டிருக்கேன். தேதி தெரிஞ்சதும் சொல்றேன், எக்மோர்ல இருந்து முத்துநகர்ல நாலு டிக்கெட் பாத்து வை, பண்டிகை நேரம் கிடைக்காது. அதுக்குள்ள பாட்டைத் தேடிக் கேட்டுரு, முதல்ல பாபி பேர் பாடினது, அப்புறம் சார்லி பிரைட். எது உனக்குப் பிடிச்சுதுன்னு எழுது. அம்மாவக் கேட்டதாச் சொல்லு.

உன்
சங்கரன்