அதுதான் பூ, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு அம்மாவும் நானும் ரொம்ப நேரம் சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே. "ராஸ்பெர்ரி பூக்கவே இல்லப்பா, மொட்டு வந்துச்சு, அப்படியே நின்னுபோச்சு" என்றாயே, அது மொட்டு இல்லை. அதுதான் பூ. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்து முடித்துவிட்டது.

உன்மேல் தப்பில்லை. ரோஜாவுக்குச் சொந்தம் என்று கேள்விப்பட்டால் யாரும் ரோஜா மாதிரி ஒன்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். இதற்கு இருப்பதோ ஐந்தே ஐந்து வெள்ளை இதழ், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவுக்கு. அதுவும் மலர்த்திக் காட்டாமல் நடுவை ஒட்டிக்கொண்டு நிற்கும். பச்சைப் புல்லி இதழ்கள் அதைவிட நீளம் என்பதால் எட்ட நின்று பார்த்தால் வெள்ளையே தெரியாது. போதாததற்குத் தலையை வேறு கவிழ்த்துக்கொள்ளும்.

செடி முழுதும் ஒரே நாளில் பூப்பதில்லை, அதனால் இன்னும் நாலைந்து மிச்சமிருக்கும். காலையில் போய்ப் பார். தண்டை வளைக்காதே, நீ குனிந்து கீழிருந்து பார். நடுவில் ஒரு குட்டிப் பச்சை மேடு, அதைச் சுற்றி மகரந்தத் தாள்கள் வேலி கட்டினது போல நிற்கும். மேட்டின் மேல் மயிரிழையாக நீட்டிக்கொண்டிருப்பவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சூலகம். எதில் மகரந்தம் பட்டதோ அதுதான் பழத்தில் ஒரு மணியாகத் திரளும். நல்ல பழத்தில் 60, 70 மணி இருக்கும், சிலதில் நூறுகூட. நாம் ஒரு பழம் என்று வாயில் போடுவது அத்தனை குட்டிப் பழங்களின் கூட்டம்.

பழம் வந்தபின் சிலது கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிரும். உடனே நோய் என்று மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அந்தப் பூ விரிந்த நாளில் மழை பிடித்திருக்கும், தேனீ வந்திருக்காது, பாதிச் சூலகம் காலியாகவே நின்றிருக்கும். பூத்திருக்கும்போது மருந்து அடிக்கவே அடிக்காதே. நம் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூவைத் தேனீ விடவே விடாது, தேன் அவ்வளவு இருக்கிறது. நம் வேலியோரம் காலையில் நின்றால் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் ரீங்காரம்தான் காதில் விழும்.

எனக்கு எப்போதுமே ஒற்றைப் பூக்கள்தான். அம்மாவுக்கு அடுக்குப் பூ. இந்தச் சண்டை உனக்குப் புதிதில்லை. பல அடுக்குப் பூக்களில் கூடுதல் இதழ் எல்லாம் மகரந்தத் தாள் மாறி வந்ததுதான், தேனீ வந்து ஏமாந்து போகும் என்பது என் கட்சி. தேனீக்கா பூ வளர்க்கிறோம் என்பது அவள் கட்சி. போன வருடம் ராஸ்பெர்ரி வரிசைக்கு எதிரே ஒற்றைப் பூ பூக்கும் பாப்பிச் செடியின் விதை தூவினேன். முந்தின நாள் சாயங்காலம் ரோமத்தோடு தலை தொங்கிக் கிடந்த மொட்டு, மறுநாள் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றிப் போட்டது. இதழ் பிழிந்த துணியை உதறாமல் போட்டதுபோல ஒரே சுருக்கம். வெயில் ஏற ஏறச் சுருக்கம் நீங்கி, மறுநாள் மத்தியானமே கொட்டிவிட்டது. அடுக்குக் கட்சிக்காரி அன்றைக்குக் காபி டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி உன் செடிக்கு வருவோம். முன்னால் குடியிருந்தவர்கள் நட்டுவிட்டுப் போனதால் என்ன ரகம் என்று தெரியாது, இல்லையா? அதனால் கத்திரியை இப்போதைக்கு எடுக்காதே. ராஸ்பெர்ரிக்கு வேர்தான் பல வருடம் இருக்கும், தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். கோடையில் காய்க்கிற ரகம் என்றால் முதல் வருடத் தண்டு இலையோடு நிற்கும், இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்துக் காய்ந்துவிடும். இன்னொரு ரகம் அந்த வருடத்துத் தண்டின் நுனியிலேயே இலையுதிர் காலத்தில் காய்க்கும். அதைக் குளிர்காலக் கடைசியில் தரையோடு வெட்டலாம். முதல் ரகத்தை அப்படி வெட்டினால் என் கதைதான். முதல் குளிரில், இலையில்லாமல் குச்சி குச்சியாக நிற்கிறதே, பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒன்று விடாமல் வெட்டிச் சுத்தம் செய்தேன். அந்தக் கோடையில் ஒரு பழம்கூட இல்லை. அம்மா மாதக்கணக்கில் சொல்லிக் காட்டினாள்.

உனக்கு இப்போதே பூத்திருப்பதால் போன வருடத் தண்டில்தான் பூத்திருக்க வேண்டும். தண்டு பழுப்பாகப் பட்டை உரிந்திருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல். பழம் பறித்து முடித்ததும் பழுப்பை மட்டும் அடியோடு வெட்டி, பச்சையில் திடமானவற்றைக் கம்பியில் கட்டு. பாதையில் முளைக்கிற பக்கக் கன்றுகளைத் தயங்காமல் பிடுங்கு, இரக்கப்பட்டால் நடக்க இடம் இருக்காது. வேர் மேலாகவே ஓடும், அடியைக் கொத்தாதே, இலைதழையால் மண்ணை மூடி மூடாக்கு போட்டால் போதும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அது பொறுக்காது.

பூவிலிருந்து பழத்துக்கு ஒரு மாதம் வை. நிறம் வந்துவிட்டதே என்று இழுக்காதே, பறித்தபின் இது பழுக்காது. விரலால் தொட்டு லேசாக அசைத்தால் தானாகக் கழன்று வரணும். வெள்ளைத் தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் உள்ளே குழியாக இருக்கும். சின்ன வயதில் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு திரிந்தாயே, அந்தக் குழிதான். அன்றைக்கு எத்தனை பறித்தாய், எத்தனை வீட்டுக்குள் வந்தது என்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

இதோடு பாப்பி விதை மடித்து வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் மண்ணை லேசாகக் கீறி மேலாகத் தூவு, மூடாதே, முளைக்க வெளிச்சம் வேண்டும். காகிதத்தைப் பிரிக்கும் முன் மின்விசிறியை நிறுத்து. நான் மடிக்கும்போது நிறுத்த மறந்துவிட்டேன். பாதிதான் உனக்கு வருகிறது.

அன்புடன்,
அப்பா