‘குளிர்ச்சியான’ எடைப் போர்வையின் உள்ளே முழுக்கப் பாலியஸ்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், கரூர்.
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பர விவரத்துக்கு மாறான எடைப் போர்வையைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் ‘இரவில் அதிகம் வியர்ப்பவர்களுக்கான வெயிட்டட் பிளாங்கெட்’ என்று விற்கப்படும் 7 கிலோ எடைப் போர்வையை, அதாவது உடலை இதமாக அழுத்திக் கிடப்பதற்காகக் கனமாகச் செய்யப்படும் போர்வையை, ரூ. 6,999 செலுத்தி வாங்கினேன். ‘100% மூங்கில் துணி, காற்றோட்டம் மிக்கது, மெனோபாஸ் காலப் பெண்களுக்கு ஏற்றது’ என்று விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். வந்து சேர்ந்த பொருளில் கழற்றி மாட்டக்கூடிய மேலுறை மட்டுமே அந்த விவரத்தோடு ஓரளவு ஒத்துப்போகிறது. எடையைத் தாங்கும் உட்போர்வையோ துணி, பஞ்சு இரண்டிலும் பாலியஸ்டராக இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்ப அனுமதி கேட்டபோது, பயன்படுத்திய படுக்கைப் பொருள்களைச் சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெறுவதில்லை என்று தங்கள் சேவைப் பிரிவினர் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான் என்பதால், துணியைப் பற்றிச் சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. உட்போர்வையின் தையல் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு லேபிள் இருக்கிறது. ‘துணி: 100% பாலியஸ்டர், நிரப்பு: கண்ணாடி மணி, பாலியஸ்டர்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். லேபிளோடு நிற்காமல், ஓரத்திலிருந்து சில இழைகளைப் பிரித்துத் தீயில் காட்டியும் பார்த்தேன். பருத்தியும், தாவரக் கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும்; பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். என் கையில் மிஞ்சியது கெட்டியான மணிதான். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், எடை சரியாக இருக்கிறது, தையலிலும் குறையில்லை, உள்ளே இருப்பவை நீங்கள் சொன்னபடி கண்ணாடி மணிகளே. ஆனால் அந்த மணிகள் சலசலக்காமலும் ஒரே பக்கம் ஒதுங்காமலும் இருப்பதற்காக அவற்றின் மேலும் கீழும் பாலியஸ்டர் பஞ்சுப் படலம் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். குளிர்நாட்டு மெத்தை விரிப்புகளில் கதகதப்புக்காக வைக்கும் அதே படலம்தான் இது.

இது ஏன் அற்பமான குறையல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றே தணிய வேண்டும். கை, கால்களின் தோல் வழியாக வெப்பம் வெளியேறியும் வியர்வை ஆவியாகியும்தான் அது தணிகிறது. பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீதமும், விஸ்கோஸ் 11 சதவீதத்துக்கு மேலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கக்கூடியவை; பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே மேலுறை எவ்வளவு ஈரத்தை உறிஞ்சினாலும், அதற்கு அடுத்த அடுக்கிலேயே அந்த ஈரம் போக வழியின்றி நின்றுவிடுகிறது. சாதாரணப் போர்வையாக இருந்தால் தூக்கத்திலேயே விலகி நடுவில் கொஞ்சம் காற்று புகும். எடைப் போர்வை உடலோடு படிந்து கிடப்பதற்காகவே செய்யப்பட்டது. அந்த இடைவெளி இங்கே கிடையாது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நள்ளிரவில் திடீரென உடல் கொதித்து வியர்க்கும் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்பதை, அவர்களுக்கு ஏற்றது என்று எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கோடையில் தமிழ்நாட்டின் அதிகபட்ச வெப்பநிலைப் பட்டியலில் கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி வருவதை வானிலைச் செய்தி கேட்பவர்கள் அறிவார்கள். இந்த ஊருக்கு வந்து சேரும் ஒரு ‘குளிர்ச்சிப் போர்வை’யிடம் நான் அதிகமாக எதையும் எதிர்பார்த்துவிடவில்லை.

தொட்டவுடன் சில்லென்று இருக்கும் என்று விளம்பரத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் தோலிலிருந்து முதல் சில கணங்களில் வெப்பத்தை வேகமாக இழுக்கும் துணி எதுவும் தொட்டவுடன் சில்லென்றே இருக்கும். துணியும் தோலின் வெப்பத்தை எட்டிய பிறகு அந்த உணர்வு மறைந்துவிடும். இரவு முழுவதும் குளிர்ச்சி தரும் என்பதற்கு அது சான்றாகாது. ‘மூங்கில் துணி’ என்பதும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான். அது நல்ல துணி என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அதை விஸ்கோஸ் என்றே குறிப்பிட வேண்டும். ரேயான் (விஸ்கோஸ் இந்த வகையைச் சேர்ந்ததே) துணிகளை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022-இல் இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்து, மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் செலுத்த வைத்ததைத் தங்கள் விளம்பரப் பிரிவு அறிந்திருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் விளக்கியபோது, அறையின் ஏசியை 18 டிகிரியில் வைத்துக்கொண்டால் போர்வை வசதியாக இருக்கும் என்று தங்கள் ஊழியர் ஒருவர் பணிவாகவே ஆலோசனை சொன்னார். 18 டிகிரியில் எந்தப் போர்வையும் வசதியாகத்தான் இருக்கும். அதற்குக் கம்பளியே போதும், ரூ. 6,999 தேவையில்லை. அறை ஏசிகளின் தொடக்க அளவு 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று 2020 முதல் நம் நாட்டில் விதி இருக்கும்போது, அதற்கும் ஆறு டிகிரி கீழே போனால்தான் பயன்படும் ஒரு பொருளை ‘அதிகம் வியர்ப்பவர்களுக்கானது’ என்று விற்பது எவ்வாறு பொருந்தும்?

என் தேவை அப்படியொன்றும் சிக்கலானதல்ல. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது எடைப் போர்வை விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதன்படி 7 கிலோ எனக்குப் பொருத்தமே. உட்துணியும் பருத்தியாக இருந்து, பஞ்சே வைக்காமல் சிறு சிறு கட்டங்களாக நெருக்கித் தைத்து மணிகளை நிறுத்தியிருந்தால் வாங்கியிருப்பேன். அல்லது மணியே இல்லாமல், தடித்த பருத்திக் கயிற்றைப் பெரிய கண்ணிகளாகப் பின்னி, நூலின் எடையையே போர்வையின் எடையாக்கும் பின்னல் வகை இருக்கிறதே, அதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். கண்ணிகளின் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். இந்தத் தேர்வைச் செய்வதற்கு வாங்குபவருக்குத் தேவைப்படும் விவரங்கள் உட்துணி எது, நிரப்பு எது, பஞ்சுப் படலம் உண்டா, உண்டென்றால் அதன் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) எவ்வளவு என்பவைதாம். தங்கள் பக்கத்தில் மேலுறையின் நிறங்களுக்கு ஒன்பது படங்கள் இருக்கின்றன. உட்போர்வைக்கு ஒரு படமும் இல்லை, அதன் துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சுகாதாரக் காரணம் என்ற தங்கள் மறுப்புக்கு வருகிறேன். விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ தொகையைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. உறையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் லேபிளைப் படிக்க வழியில்லாத பொருளுக்கு, உறையைப் பிரித்ததையே காரணமாகக் காட்டுவது எந்த வகையில் நியாயம் என்று தெரியவில்லை. ஆகவே போர்வையைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று ரூ. 6,999-ஐயும் நான் செலுத்திய வங்கிக் கணக்கிலேயே திருப்பிச் செலுத்துமாறும், விற்பனைப் பக்கத்தில் உட்போர்வையின் துணி, நிரப்பு விவரங்களை மேலுறை விவரத்துக்கு இணையான எழுத்தில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருளோ, அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ளும் கூப்பனோ எனக்கு வேண்டாம்.

இப்புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை 48 மணி நேரத்துக்குள்ளும் தீர்வை ஒரு மாதத்துக்குள்ளும் தர வேண்டிய கடமை அதே விதிகளின்படி தங்களுக்கு உண்டு. அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதால், தங்கள் தலைமை அலுவலகம் எந்த நகரில் இருந்தாலும் எனக்கு அலைச்சல் இல்லை.

ரசீது நகல், லேபிளின் படம், விற்பனைப் பக்கத்தை வாங்கிய அன்றே எடுத்த திரைப் பதிவு, தங்கள் மறுப்பு மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். போர்வை அதன் பையிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துச் செல்ல வருபவரை மாலை ஐந்து மணிக்குப் பிறகு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கரூர்